தள்ளியாச்சு

எங்கள் ஊரில் "ரத்து" என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில்தான் ஏவுதளம். அங்கே ராக்கெட் நிமிர்ந்து நிற்கும். ஊரே மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இக்கரையில் போய் உட்காரும். கவுண்ட்டவுன் இறங்கிக்கொண்டே வரும்போது திடீரென்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள், இன்றைக்கு இல்லை என்று. மேகமாக இருக்கும், குழாயில் கசிவாக இருக்கும். ஒருமுறை எரிபொருள் தொட்டியின் மேலுறையை மரங்கொத்தி கொத்திவிட்டது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே நடந்தது. அதற்கெல்லாம் நாங்கள் அழமாட்டோம். "தள்ளியாச்சு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நாற்காலியை மடித்து வீட்டுக்குப் போய்விடுவோம்.

தள்ளியாச்சு என்றால் நாளைக்கு உண்டு. நாளைக்கு இல்லாவிட்டால் அடுத்த வாரம் உண்டு. பல் வைத்தியரிடம் போவதில் இருந்து பிறந்தநாள் வரைக்கும் எல்லாவற்றுக்கும் எங்களுக்கு இதே சொல்தான். புயல் வந்ததால் என் மகள் கல்யாணத்தைக்கூடத் தள்ளினோம். மாப்பிள்ளை வெளியூர்க்காரன். "தள்ளியாச்சு" என்று நான் போனில் சொன்னதும் பெண் தன்னை வேண்டாம் என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, பாவம், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்திருக்கிறான்.

என் பெயர் ரோவீனா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அதோடு ஊர்க் குட்டிச் சாரணர் படைக்கு நான்தான் தலைவி. என் பையன்கள் வளர்ந்து போய் எத்தனையோ வருஷமாகிறது, ஆனாலும் அந்தப் பதவியை வாங்கிக்கொள்ள ஒருத்தரும் முன்வரவில்லை. கூட்டத்தில் கேட்டால் எல்லோரும் செருப்பைப் பார்ப்பார்கள். போகட்டும்.

அந்த வருஷக் கோடைக்கு என்ன தலைப்பு என்று பையன்களைக் கேட்டோம். எல்லாக் கையும் ஒன்றாக உயர்ந்தது: விண்வெளி. கேட்கவே வேண்டியதில்லை. அவர்களுடைய அப்பா, மாமா, சித்தப்பா எல்லோருக்கும் அக்கரையில்தான் வேலை. என் வீட்டுக்காரர் ஹார்லனும் அங்கேதான் முப்பது வருஷமாக விண்ணோடத்துக்கு வெப்பம் தாங்கும் ஓடு ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோடையோடு விண்ணோடம் நிற்கப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மார்ச் மாதம் எங்கள் கார் ஷெட்டில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். நான், ஹார்லன், இரட்டைப் பையன்களைப் பெற்ற ட்ரூடி, பக்கத்துத் தெரு ஷெல்பி, அவள் புருஷன் டுவைட். ஜூலையில் பாட்டிலில் தண்ணீரடைத்துக் காற்றடித்து மேலே விடுகிற ராக்கெட். ஆகஸ்டில் நிலா நடை: பூங்கா மணலில் பள்ளம் தோண்டி, பையன்கள் காலில் பஞ்சுப் பொதி கட்டிக்கொண்டு தாண்ட வேண்டும். பொரியில் இனிப்பு கலந்து உருட்டி "நிலாப் பாறை" என்று கொடுப்பது என் பொறுப்பு. "பச்சை ஜெல்லிய வேத்துக்கிரகத்தான் மூளைன்னு சொல்லிக் கொடுத்துடலாம்டி, தின்னே தீத்துடுவானுங்க" என்றாள் ட்ரூடி.

எல்லாவற்றுக்கும் முதலில், ஜூன் மாதத்துக்கு, டுவைட்தான் ராக்கெட் பந்தயம் என்று சொன்னான். இது சாரணர் படைகளில் பழைய பந்தயம். பால்சா என்கிற மெத்துக் கட்டையில் ஒரு சாண் ராக்கெட் செதுக்கி, வாலில் விசிறி வைத்து, உள்ளே ரப்பர் பேண்டை முறுக்கி, இழுத்துக் கட்டிய தூண்டில் நரம்பில் தொங்கவிட வேண்டும். கையை எடுத்தால் விர்ரென்று நரம்போடு ஓடும்.

"ஆனா ஒரு விதி" என்றான் டுவைட். நெட்டையன், வாயைத் திறந்தால் கேலிதான். "ஒவ்வொருத்தனும் வீட்டுல இருக்கிற பெரியவங்களோட சேந்துதான் செய்யணும். கடையில வாங்குனது, பக்கத்து வீட்டுக்காரர் செஞ்சு கொடுத்தது எதுவும் செல்லாது. மிஸ்டர் ஹார்லன், உங்களத்தான் சொல்றேன். ஊர்ப் பசங்களுக்கெல்லாம் நீங்களே செதுக்கிக் கொடுத்துட்டு உக்காந்திருப்பீங்க."

"உன் பயலுக்கு மட்டும் செதுக்க மாட்டேன் போ" என்றார் ஹார்லன்.

டுவைட்டின் மகன் எம்மெட்டுக்கு எட்டு வயது. சீருடையைத் தானே தேய்த்துப் போடுகிற ரகம். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலை மனப்பாடம் செய்துகொள்வான். அன்றைக்கு அவன் அந்த விதியையும் அப்படியே மனப்பாடம் செய்துகொண்டான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரலில் டுவைட்டுக்கு வேலை போயிற்று. அவனோடு பாதித் தெருவுக்கும் போயிற்று. ஹார்லனை இன்னும் மூன்று மாதம் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள், கிழவர் என்று இரக்கப்பட்டார்களோ என்னவோ. டுவைட் மே மாதம் சார்ல்ஸ்டனில் விமானம் கட்டுகிற இடத்துக்குப் போனான். காரில் ஆறேழு மணி நேரம். வீடு எடுத்ததும் ஷெல்பியையும் எம்மெட்டையும் கூட்டிக்கொள்வதாகப் பேச்சு. கிளம்புவதற்கு முன்பே அவனும் எம்மெட்டும் சமையலறை மேசையில் ராக்கெட்டைச் செதுக்கத் தொடங்கியிருந்தார்கள். மூக்கில் பாதிதான் முடிந்திருந்தது. டுவைட் கட்டையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"அங்க நல்ல பட்டறை இருக்குடா. முடிச்சு, வண்ணமடிச்சு, பந்தயத்தன்னிக்குக் கையோட கொண்டு வரேன்."

எம்மெட் அதை ஊர் முழுக்கச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு வரிசையில் தட்டை நீட்டிக்கொண்டு என்னிடமும் சொன்னான். "மிஸ் ரோவீனா, எங்கப்பா நெருப்புக் கலர்ல வண்ணமடிக்கிறாரு."

ஜூனில் பந்தயத்துக்கு முந்தின நாள் ஷெல்பி வந்தாள். வாசலிலேயே நின்றாள். பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு வருகிறவள், கால் வீங்கியிருந்தது.

"டுவைட் போன் பண்ணாரு. ஓவர்டைம் போட்டுட்டாங்களாம். தள்ளியாச்சுன்னு சொல்லச் சொன்னாரு."

"சரி, அதுக்கென்ன. பந்தயத்தையே தள்ளிடுவோம். ஜூலைல வெச்சுக்கலாம்."

"எல்லாரும் திட்டப்போறாங்க ரோவீனா."

"திட்டுறவங்க வந்து தலைவியா இருக்கட்டும். சந்தோஷமா எழுந்து கொடுக்கிறேன்."

அன்றிரவே எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன். எங்கள் ஊர் ஆட்களுக்குப் பிரச்சினையே இல்லை. "ஓ, தள்ளியாச்சா" என்று வைத்துவிட்டார்கள். பந்தயத்துக்குப் பதில் பாட்டில் ராக்கெட்டை ஜூனிலேயே விட்டோம். எம்மெட் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று மேலே போனதைப் பார்த்தான். கை தட்டினான். பிறகு என்னிடம் வந்து, "பந்தயம் ஜூலைலதானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டான்.

ஜூலையில் கடைசி விண்ணோடம் போயிற்று. கரையில் நிற்க இடமில்லை, எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் குதித்தார்கள், நாங்கள் அழுதோம். ஹார்லன் அழவில்லை. புகை கலையும்வரை நின்றுவிட்டு, "என் ஓடு ஒண்ணுகூட உதிராது, பாத்துக்கிட்டே இரு" என்றார். ஓடம் பத்திரமாகத் திரும்பி இறங்கியது. மறுநாள் அவருக்கும் சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

பந்தயம் அதற்கடுத்த சனிக்கிழமை. மூன்று குடும்பம் அதற்குள் ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. புதன்கிழமை ஷெல்பி வீட்டில் அவளுக்குத் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவள் குளியலறையில் இருந்தாள். நான் எடுத்தேன்.

"நீங்களா மிஸ் ரோவீனா!" என்றான் டுவைட். குரலில் அந்தக் கேலி இல்லை. "நல்லதாப் போச்சு. இந்த வாரம் முடியாது. சூப்பர்வைசர் ஒரு மாதிரி ஆளு. தள்ளியாச்சுன்னு பயகிட்டச் சொல்லிடுங்க. அவனுக்குப் புரியும்."

"ராக்கெட் முடிஞ்சுதா?"

"ஆங்... கிட்டத்தட்ட."

பின்னால் ஒரு பெண் குரல், "ஆறிப்போகுது, வா டுவைட்" என்றது.

"யாருடா அது?"

"டிவி" என்றான்.

டிவியில் இவன் பெயரைச் சொல்லிச் சோறு ஆறுகிறது என்கிறார்களாம். என் வாய்க்கு வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டேன். குளியலறையிலிருந்து ஷெல்பி ஈரத் தலையோடு வந்து ஆவலாக என் முகத்தைப் பார்த்தாள். "தள்ளியாச்சாம்" என்றேன். அவளும் "சரி" என்று சொல்லிவிட்டுத் துணியை மடிக்க உட்கார்ந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

வீட்டுக்கு வந்து ஹார்லனிடம் சொன்னேன். அவர் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். வேலை போன பிறகும் காலையில் அந்தச் சட்டைதான்.

"டிவியா இருக்கும் ரோ."

"அடப் போங்க நீங்க."

"இருக்கட்டுமே. டிவியா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அவர் அந்த வீட்டுக்காக வேண்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. 

பந்தயத்தை ஆகஸ்டுக்குத் தள்ளினேன். இந்த முறை ட்ரூடி நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். அவள் புருஷனுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்துவிட்டது, ஆகஸ்ட் பாதியில் கிளம்புகிறார்கள்.

"ஏண்டி ரோவீனா, உனக்குப் பைத்தியமா? என் பசங்க ராக்கெட்டச் செஞ்சு வெச்சு ரெண்டு மாசமாச்சு. ஒருத்தன் ரப்பர் பேண்டை முறுக்கி முறுக்கியே அத்துட்டான். ஒரு பயலுக்காக ஊரையே நிறுத்தி வெச்சிருக்கே."

"அந்த ஒரு பயலுக்கு அப்பன் வர வேணாமா?"

"வந்துட்டாலும்! உனக்குத் தெரியாதா? அவன் தேதியத் தள்ளலடி. அவளத் தள்ளி வெச்சுட்டான்."

எனக்குச் சுரீரென்றது. இத்தனை வருஷமாக வாயில் போட்டு மென்ற சொல்லுக்கு இப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. "வாயக் கழுவு" என்று கத்தினேன். அவளும் கத்தினாள். இருபது வருஷச் சிநேகிதி, கதவை அறைந்துவிட்டுப் போனாள். போகட்டும் என்று சொன்னேனே தவிர, கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் எம்மெட்டை வழியில் பார்த்து ஹார்லன் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். "என்கிட்ட நல்ல பால்சா கட்டை இருக்குடா. சும்மா ஒண்ணு செஞ்சு வெப்போமா? ஒரு பாதுகாப்புக்கு. அக்கரையிலகூட எல்லாத்துக்கும் ரெண்டாவது ஒண்ணு வெச்சிருப்போம்."

"வேண்டாம் மிஸ்டர் ஹார்லன். வீட்டுப் பெரியவங்களோடதான் செய்யணும். எங்கப்பாதானே விதி போட்டாரு" என்றான் எம்மெட். 

ஆகஸ்டுப் பந்தயத்தன்று காலையில் ஷெல்பி வீட்டுக்குப் பார்சல் வந்தது. அவள் போன் பண்ணிச் சொன்னபோது குரல் துள்ளியது. "அவரால வர முடியலையாம். ஆனா ராக்கெட்ட அனுப்பிட்டாரு ரோவீனா! எம்மெட் பிரிக்கவே மாட்டேங்கிறான். பூங்காவுல எல்லார் முன்னாடியும்தான் பிரிப்பானாம்."

நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதி நேரம் தூங்குவேன். அன்றைக்கு நிலாப் பாறை உருட்டிக்கொண்டே கும்பிட்டேன். அந்த டுவைட் பயல் ராக்கெட்டையாவது ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும். வேறு எப்படி வேண்டுமானாலும் நாசமாகப் போகட்டும்.

ஆற்றங்கரைப் பூங்கா வெறிச்சென்று இருந்தது. மார்ச்சில் அங்கிருக்கிற கூடாரம் கொள்ளாத அளவுக்கு இருந்த படை, இப்போது ஒரு மேசையைச் சுற்றி அடங்கிவிட்டது. ஐந்தே பையன்கள். ட்ரூடி என்னை முறைத்துக்கொண்டாலும் தன் இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தாள். மறுநாள் அவர்கள் சாமான்களை லாரியில் ஏற்றுகிறார்கள். ஆற்றுக்கு மேலே வழக்கமான மத்தியான மழைக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அக்கரையில் ராக்கெட் பூட்டுகிற அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடம் மட்டும் தெரிந்தது. ஹார்லன் இரண்டு கம்பங்களுக்கு நடுவே தூண்டில் நரம்புகளை இழுத்துக் கட்டி, விரலால் சுண்டிச் சுண்டிச் சரி பார்த்தார்.

எம்மெட் பார்சலை மேசையில் வைத்தான். சீருடை, கழுத்துத் துணி, எல்லாம் கச்சிதம். டேப்பைக் கிழிக்காமல் நகத்தால் உரித்தான். உள்ளே கசக்கிய செய்தித்தாள். ஒவ்வொன்றாக எடுத்து நீவி வைத்தான். அடியில் கட்டை இருந்தது.

மே மாதம் போனபடியே இருந்தது. அதே சதுரக் கட்டை. அதே பாதி மூக்கு. பென்சிலால் எம்மெட் போட்ட கோடுகூட அழியவில்லை. "இங்க வெட்டுங்கப்பா" என்று கோணல் எழுத்தில் எழுதி அம்புக்குறி போட்டிருந்தான். ஒரு சிராய்கூட அந்தக் கோட்டைத் தொட்டிருக்கவில்லை.

 ட்ரூடியின் பையன் ஒருவன் "இது என்..." என்று ஆரம்பித்தான். ட்ரூடி அவன் வாயைப் பொத்தினாள். எம்மெட் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தான். நீவி வைத்த தாள்களை மறுபடியும் ஒவ்வொன்றாகப் புரட்டினான். ஷெல்பி முகம் வெளிறிப்போய் நின்றாள். எனக்கு அந்த நெட்டையனைக் கழுத்தைப் பிடித்து ஆற்றில் முக்க வேண்டும் போலிருந்தது.

"கொடுடா, பத்து நிமிஷத்துல செதுக்கிடலாம். அம்மா பிடிச்சுக்கட்டும், நான் கத்திய மட்டும்..." என்றார் ஹார்லன்.

"வேண்டாம். இப்படியே விடுறேன்."

"பாரம்டா செல்லம், ஓடாது" என்றேன்.

"அப்பா அனுப்புனது இதுதானே" என்றான்.

 கட்டையின் மேல்பக்கத்தில் கொக்கியை நானே திருகினேன். விசிறிக்கு ட்ரூடி, நான் கேட்காமலே, தன் பையன் ராக்கெட்டிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தாள். அந்தப் பையனும் முகம் சுளிக்காமல் வரிசையிலிருந்து விலகிக்கொண்டான். உள்ளே குடைந்திருக்கவில்லை, அதனால் ரப்பர் பேண்டை வெளியிலேயே கட்டினோம். ஷெல்பி முறுக்கினாள். இரண்டு முறை நழுவியது.

நான்கு ராக்கெட்டும் வரிசையாக நின்றன. ஹார்லன் கையைத் தூக்கினார். பத்திலிருந்து எண்ணினார். பையன்களும் சேர்ந்து கத்தினார்கள், எம்மெட் எல்லோரையும்விடச் சத்தமாக. பூஜ்யம் என்றதும் மூன்று ராக்கெட் விர்ரென்று பறந்து மறுகோடிக் கம்பத்தில் போய் மோதின. எம்மெட்டின் கட்டையில் விசிறி மட்டும் படபடவென்று சுழன்றது. கட்டை உதறிக்கொண்டது. ஒரு கை அளவு நகர்ந்தது. நரம்பு தொய்ந்துகொடுக்க, அங்கேயே தொங்கி நின்றது. விசிறியும் நின்றது.

ஹார்லன் பாவம், முப்பது வருஷப் பழக்கம். தூக்கிய கையை இறக்காமலே சொன்னார். "தள்ளியாச்சு! எம்மெட், உனக்குத் தள்ளியாச்சுடா. அடுத்த சனிக்கிழமை..."

எம்மெட் போய்க் கட்டையை நரம்பிலிருந்து கழற்றினான்.

"இல்ல மிஸ்டர் ஹார்லன். ரத்து."

அந்தப் பூங்காவில் அந்தச் சொல்லை நான் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். ஹார்லன் கையை இறக்கினார். சட்டைப் பையில் இன்னும் குத்தியிருந்த அக்கரை அடையாள அட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். ட்ரூடி என் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்தாள். அவள் சொன்னது சரியாகப் போனதற்கு அவளே அழுதுகொண்டிருந்தாள்.

மழை பெருந்துளியாக விழ ஆரம்பித்தது. பையன்கள் கூடாரத்துக்குள் ஓடினார்கள். ஷெல்பி நனைந்துகொண்டு அப்படியே நின்றாள். எம்மெட் அவளிடம் போய்க் கட்டையைக் கொடுத்துவிட்டு, அவள் கைப்பையைத் திறந்து போனை எடுத்து நீட்டினான்.

"அப்பாவுக்குப் போன் பண்ணும்மா."

"எதுக்குடா கண்ணு? திட்டறதுக்கா?"

"இல்லம்மா. நாம காத்துக்கிட்டிருக்கோம்னு அவரு நெனச்சுக்கிட்டிருப்பாரு. ரத்துன்னு சொல்லிடு. இல்லன்னா பாவம், அவரு மறுபடியும் மறுபடியும் தள்ளிக்கிட்டே இருக்கணும்."

ஷெல்பி போனை வாங்கிக்கொண்டாள்.